அருகம்புல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு துண்டு மேட்டு நிலம் இருக்கிறது. அதன் வரப்பு முழுக்க அருகம்புல். காலையில் நடக்கப் போகிறவர்கள் அதைப் பார்த்து நின்று கேட்பார்கள், உறவுக்காரர்கள் போனில் கேட்பார்கள், பழைய மாணவர்கள் செய்தி அனுப்பிக் கேட்பார்கள். ஆள்தான் மாறுவார்கள், கேள்வி மாறாது. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகச் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. புல்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். நோய் என்று வந்தால் மருத்துவரிடம் போகச் சொல்வேன்.

டீச்சர், அருகம்புல்லா, அறுகம்புல்லா? எது சரி?

பழைய எழுத்து அறுகு. சங்கப் பாடலில் அறுகை என்று வருகிறது. சித்த மருத்துவ நூல்களிலும் பெரும்பாலும் வல்லின றகரம்தான். இன்றைக்குப் பேச்சிலும் கடைப்பலகையிலும் இடையின ரகரம் நிலைத்துவிட்டது. எல்லோரும் தேடுவதும் அப்படித்தான் என்பதால் நானும் இங்கே அருகம்புல் என்றே எழுதுகிறேன். இரண்டும் ஒரே புல்தான். மூதண்டம், தூர்வை என்ற பெயர்களைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம்.

தெலுங்கில் கரிக, கன்னடத்தில் கரிகே, மலையாளத்தில் கறுக, இந்தியில் தூப். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டைலான். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நாய்ப்பல் என்று பொருள், இரண்டாவது விரலைக் குறிக்கும். அந்த விரல் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்விக்கு உதவும்.

எல்லாப் புல்லும் ஒரே மாதிரிதான் இருக்கு. இதுதான் அருகம்புல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் தண்டைப் பாருங்கள். தரையோடு தரையாக ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் தையல் பிரிகிற மாதிரி கணுக்கள் ஒவ்வொன்றாக மண்ணை விட்டு வரும். இன்னும் தோண்டினால் மண்ணுக்குள்ளே வெள்ளையாக, கெட்டியாக, கூர்முனையோடு வேறொரு தண்டு ஓடும். அருகங்கட்டை என்று உழவர்கள் சொல்வது அதைத்தான். மேலே ஒரு ஓடுதண்டு, கீழே ஒரு மட்டத்தண்டு என்று இரண்டு வழியிலும் பரவுவதால்தான் இந்தப் புல் அவ்வளவு லேசில் சாவதில்லை.

அடுத்தது இலை. குறுகலாக, கொஞ்சம் நீலம் கலந்த பச்சையில், கூரான நுனியோடு இருக்கும். இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் மெல்லிய வெள்ளை முடிகள் தெரியும். வயதான கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும், பிள்ளைகளுக்கு வெறும் கண்ணே போதும். கடைசி அடையாளம் கதிர். ஒல்லியான காம்பின் உச்சியில், ஒரே புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு மெல்லிய கதிர்கள் விரல் விரித்த மாதிரி கிளம்பும். பெயரில் வரும் விரல் இதுதான்.

விரல் மாதிரி கதிர் வைக்கும் வேறு புற்களும் இருக்கின்றன, அங்கேதான் ஏமாறுகிறோம். காக்கைக்கால் புல்லுக்கும் விரல் உண்டு. ஆனால் அது தடித்துக் குட்டையாக, நுனியில் ஒரு முள் நீட்டிக்கொண்டு இருக்கும். கேழ்வரகின் காட்டு உறவு ஒன்று தரிசில் முளைக்கும். அதன் அடித்தண்டு தட்டையாக, வெளுத்து இருக்கும், கொத்தாக நிற்குமே தவிர ஓடாது. சந்தேகம் இருந்தால் பறிக்காதீர்கள். கதிர் வரும்வரை பொறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோரை, தர்ப்பை, அருகு மூணும் ஒரே வகைதானே?

இல்லை. கோரை புல்லினமே கிடையாது, அதற்குக் குடும்பமே வேறு. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், அடியில் வாசனையான கிழங்கு இருக்கும். தர்ப்பை புல்தான், ஆனால் ஆள் உயரத்துக்குக்கூட வளரும், விளிம்பு கையைக் கிழிக்கும். கிரகணத்தன்று பாத்திரத்தில் போடுவது தர்ப்பை. அது கிடைக்காத வீடுகளில் அருகைப் போட்டுப் பழகி, இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வந்திருக்கலாம்.

பிள்ளையாருக்கு மட்டும் ஏன் அருகம்புல்?

அனலாசுரன் கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நெருப்பே உருவான அசுரனைப் பிள்ளையார் விழுங்கிவிட, வயிறு எரிகிறது. சந்தனம், பால் எதற்கும் அடங்கவில்லை. முனிவர்கள் வந்து ஆளுக்கு 21 அருகம்புல்லாக வைத்ததும் சூடு தணிந்தது. இன்றும் 21 அருகு வைத்து அர்ச்சிப்பது அதனால்தான் என்பார்கள். சூட்டைத் தணிக்கும் புல் என்பது இந்தக் கதையிலும் வருகிறது, சித்த மருத்துவத்திலும் வருகிறது. எது முந்தியது என்று நான் வாதாடப் போவதில்லை. இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு பிடி சாணத்தையோ மஞ்சளையோ உருட்டி வைத்து, உச்சியில் இரண்டு அருகைக் குத்தினால் பிள்ளையார் வந்துவிடுகிறார். காசே செலவில்லை, எந்த ஏழை வீட்டிலும் செய்யலாம்.

கல்யாணத்துல அருகு வைக்கிறாங்களே, அது எதுக்கு?

'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். கணுவுக்குக் கணு வேர்விடும் புல் என்று மேலே சொன்னேனே, அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் இப்படி வாழ்த்தியிருக்க முடியும். ஒரு கணு அறுந்து விழுந்தாலும் அது தனிக் குடித்தனம் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் அறுகும் அரிசியும் கலந்த அறுகரிசியை இட்டு வாழ்த்துவது இன்றும் முக்கியமான சடங்கு.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. அகநானூற்றின் 136ஆம் பாடலில் ஒரு திருமணம் வருகிறது. அதில் வாகை இலையோடு அறுகின் முகையையும் வெண்ணூலில் சேர்த்து மணப்பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள். கன்று கடித்த, பள்ளத்தில் அடர்ந்த அறுகு என்று அந்தப் புலவர் சொல்கிறார். பள்ளத்து ஈரத்தில் அது செழிக்கும் என்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சித்த மருத்துவத்துல இதை எதுக்கெல்லாம் சொல்லியிருக்காங்க?

சுவை இனிப்பு, தன்மை குளிர்ச்சி. உடலுக்கு உரம் தருவது, இரத்தப்போக்கை அடக்குவது, சிறுநீரைப் பெருக்குவது என்பவை இதன் முக்கியச் செய்கைகள். அதனால் உடற்சூடு, நீர்க்கடுப்பு, மூலத்தில் இரத்தம் போவது, மூக்கில் இரத்தம் வருவது, அரிப்பு, கரப்பான், வேர்க்குரு இவற்றுக்கெல்லாம் உள்ளுக்கோ வெளிப்பூச்சாகவோ வரும். கடுமையான மருந்து சாப்பிட்டு உடம்பு தகித்தால் அருகு வேரையும் மிளகையும் கஷாயமாக்கிக் கொடுப்பதும் உண்டு. ஆயுர்வேதத்தில் தூர்வா என்ற பெயரில் ஏறக்குறைய இதே வேலைகளுக்குத்தான் பயன்படுகிறது. கேரளத்தில் பெண்கள் சூடும் தசபுஷ்பம் என்ற பத்தில் கறுகவும் ஒன்று.

ஆராய்ச்சியில நிரூபிச்சுட்டாங்களாமே?

எதை, யாரிடம் என்று கேட்க வேண்டும். புல்லில் ஃப்ளேவனாய்டுகள், பீட்டா சிட்டோஸ்டெரால், கரோட்டின் போன்றவை இருப்பதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் சில கிருமிகளின் வளர்ச்சியை அதன் சாரம் தடுத்திருக்கிறது. எலிகளில் இரத்தச் சர்க்கரை குறைந்தது, புண் சீக்கிரம் ஆறியது, சிறுநீர் அதிகம் பிரிந்தது என்றும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு நீர்ச்சாரம் கொடுத்துப் பார்த்தது அவற்றில் ஒன்று.

இவை நல்ல தொடக்கம். ஆனால் எலிக்குக் கொடுத்தது அளந்து, காய்ச்சி, உலர்த்திய சாரம். நாம் குடிப்பது ஒரு கைப்பிடிப் புல்லின் சாறு. பெரிய அளவில் மனிதர்களிடம் நடத்திய சோதனைகள் இன்னும் வரவில்லை. ஆகவே பாட்டி வைத்தியமாகப் பயன்படுத்தலாம். நோயைத் தீர்க்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்தாக நினைக்கக் கூடாது.

சரி, சாறு எப்படி எடுக்கணும்?

ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி இளம்புல் போதும். வேரையும், பழுத்த இலையையும், கதிரையும் கிள்ளிவிடுங்கள். ஓடும் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, உப்பு நீரில் பத்து நிமிடம் போட்டு, மறுபடி அலசுங்கள். மண் போகவே போகாது என்று அலுத்துக்கொள்வார்கள். கணுக்களில்தான் மண் ஒளிந்திருக்கும், அங்கே தேய்க்க வேண்டும்.

பிறகு கத்தரியால் பொடியாக நறுக்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் விட்டு அரையுங்கள். முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடில் நார் சுற்றிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் பிழிந்து வடிகட்டினால் சாறு தயார். இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் சேர்த்து அரைப்பது எங்கள் வீட்டு வழக்கம், குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது தொந்தரவு தராது. மோரிலோ இளநீரிலோ கலந்தால் பச்சை வாடை தெரியாது. எடுத்தவுடன் குடித்துவிடுங்கள். காலையில் எடுத்ததைச் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள், நிறமும் மாறும், கிருமியும் வளரும்.

வடிகட்டாம சக்கையோட குடிச்சா நார்ச்சத்துதானே, நல்லதுதானே?

கீரை நார் வேறு, இது வேறு. மாட்டுக்கு நாலு அறை வயிறும், அதில் செல்லுலோசை உடைக்கும் நுண்ணுயிர்களும், அசைபோட நேரமும் இருக்கின்றன. நமக்கு அது எதுவும் இல்லை. புல்லின் விளிம்பில் மணல்துகள் போன்ற சிலிக்காவும் உண்டு. தொண்டையில் சொரசொரப்பு, வயிற்று வலி, பேதி என்று என்னிடம் சொன்னவர்களில் பலர் வடிகட்டாமல் குடித்தவர்கள்தான். சக்கையைச் செடிக்குப் போடுங்கள்.

பார்க்குல, ரோட்டோரத்துல பறிக்கலாமா? பச்சைப் பசேல்னு இருக்கே.

வேண்டவே வேண்டாம். எனக்கு வரும் கேள்விகளில் நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வது இதற்குத்தான். சாலையோரப் புல்லில் வண்டிப் புகையும் டயர்த் தூசியும் படிந்திருக்கும். ஈயம் போன்ற கன உலோகங்கள் கிடக்கும் மண்ணிலும் தாக்குப்பிடித்து வளரக்கூடிய புல் இது. சுரங்கக் கழிவு மண்ணில்கூட வளர்க்கிறார்கள். தாக்குப்பிடிக்கிறது என்றால் அந்த உலோகத்தில் கொஞ்சம் அதன் உடம்பிலும் இருக்கிறது என்று அர்த்தம். பசுமையைப் பார்த்து மண்ணை எடைபோட முடியாது.

பூங்காவில் வேறு சிக்கல். நாய், எலி இரண்டின் சிறுநீரும் அங்கே படும். எலிக்காய்ச்சல் பரவுவது அப்படித்தான். புல்தரைக்குப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிப்பார்கள், நமக்குச் சொல்லிவிட்டு அடிப்பதில்லை. அதோடு பூங்கா, கிரிக்கெட் மைதானம் போன்ற இடங்களில் போடுவது பல நேரம் புல்தரைக்காகவே உருவாக்கிய கலப்பினம். சாக்கடை ஓரம், வாய்க்காலில் கழிவுநீர் கலக்கும் இடம், சுடுகாட்டுப் பக்கம் இவற்றையும் விட்டுவிடுங்கள். மருந்தடிக்காத வரப்பு, சொந்தக் கொல்லை, அல்லது தொட்டி, இவ்வளவுதான் என் பட்டியல்.

தொட்டியில வளருமா?

நன்றாக வளரும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, அகலமான தொட்டியில் ஒரு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து மண்ணைத் தூவுங்கள். முழு வெயில் வேண்டும், நிழலில் நோஞ்சானாகிவிடும். ஒரு சாண் உயரம் வந்ததும் மேலாக நறுக்கிக்கொண்டால் மறுபடி துளிர்க்கும். ஒரு எச்சரிக்கை, தரையில் நட்டால் பக்கத்துப் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். தொட்டியோடு நிறுத்துங்கள்.

கடையில விக்கிற பொடி, பார்க் வாசல்ல விக்கிற ஜூஸ் எல்லாம் எப்படி?

பொடியில் புல்லை அடையாளம் காண வழியே இல்லை. எந்த நிலத்தில் பறித்தது என்றும் தெரியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் உற்பத்தி உரிம எண்ணும் தேதியும் உள்ளதாக, உரிமம் பெற்ற சித்த மருந்துக்கடையில் வாங்குங்கள்.

வாசலில் விற்பவர்கள் விடியுமுன் எழுந்து பிழைப்புக்காகச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புல் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் என்ன தண்ணீர், டம்ளரை எதில் கழுவுகிறீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

வெறும் வயித்துல தினமும் குடிச்சுக்கிட்டே இருக்கலாமா?

வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம்தான், ஆனால் கட்டாயம் இல்லை. குமட்டினால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள். எங்கள் வீட்டில் கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அரை டம்ளர். மழைக்காலத்தில் குடிப்பதே இல்லை. அத்தை இருந்த காலத்திலிருந்து இதுதான் கணக்கு. ஆண்டு முழுக்கத் தினமும் பெரிய டம்ளர் குடிக்கச் சொல்லி எந்தப் பெரியவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அது சமீபத்தில் வந்த பழக்கம்.

இது பச்சை ரத்தமாம், குடிச்சா ரத்தம் ஊறுமாம். உண்மையா?

பச்சையத்தின் மூலக்கூறும் இரத்தத்தின் ஹீம் மூலக்கூறும் அமைப்பில் ஒன்றுபோல இருக்கும் என்பது உண்மை. ஆனால் பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம், ஹீமின் நடுவில் இருப்பது இரும்பு. வயிற்றுக்குள் போய் ஒன்று மற்றொன்றாக மாறாது. பூட்டுகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒரே சாவி சேராதல்லவா, அப்படித்தான்.

வெளிறிப்போய், மூச்சு வாங்கி, படியேற முடியாமல் இருக்கும் பெண்கள் இந்தச் சாற்றை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே முருங்கைக்கீரையும் சேருங்கள்.

சுகருக்கு நல்லதுன்னா மாத்திரையை நிறுத்திடலாமா டீச்சர்?

கூடாது. எலி ஆய்வைப் பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் நாலு மாதம் மாத்திரையை விட்டுவிட்டுச் சாறு மட்டும் குடித்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். காலில் வந்த புண் ஆறாமல் போனபோதுதான் பரிசோதித்தார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் இந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

மறுபக்கமும் உண்டு. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே வெறும் வயிற்றில் சாற்றையும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்பு உண்டு. நடைப்பயிற்சி முடித்துச் சாப்பிடாமல் குடிக்கிறவர்கள் கவனம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரையோ மிட்டாயோ வாயில் போடுங்கள். குடிக்கப் போகிறேன் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கிட்னிக்கு நல்லதா? கல்லைக் கரைக்குமா?

சிறுநீரைப் பெருக்கும் என்ற பெயர் இருப்பதால் வரும் கேள்வி. வெயிலில் அலைந்து நீர்க்கடுப்பு வந்தவருக்கு இந்தச் சாறு இதமாக இருக்கும், தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகிறது. சின்னக் கல் நிறையத் தண்ணீர் குடித்தாலே வெளியேறுவது உண்டு. அந்தப் பெருமை புல்லுக்குப் போய்விடுகிறது. பெரிய கல்லை இது கரைக்காது. காய்ச்சலும் குளிரும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் குடிக்கவே வேண்டாம். பச்சைச் சாறுகளில் பொட்டாசியம் இருக்கும், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பையே பாதிக்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவருக்கு அன்போடு யாரோ வாங்கிக் கொடுப்பதைப் பார்த்துத் தடுத்திருக்கிறேன்.

மூலத்துக்கும் மூக்குல ரத்தம் வந்தாலும் குடுக்கலாம்னு சொன்னீங்களே, எப்படி?

மூலத்துக்கு அருகம்புல்லை அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பது பழைய கைவைத்தியம். சாற்றுக்குச் சொன்ன சுத்தம் இதற்கும் பொருந்தும். ஆனால் மலத்தில் இரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். குடற்புற்றும் இப்படித்தான் காட்டும்.

மூக்கில் சாற்றை விடச் சொல்லும் குறிப்பும் உண்டு. வீட்டில் செய்யாதீர்கள், காய்ச்சாத எதையும் மூக்கில் விடக் கூடாது. இரத்தம் வரும்போது உட்கார்ந்து, தலையைச் சற்று முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அண்ணாந்து படுக்கவைத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும்.

அரிப்புக்கு அரைச்சுப் பூசலாமா? அருகம்புல் தைலம் வீட்டுலயே காய்ச்சலாமா?

பூசலாம். அருகம்புல்லும் பசுமஞ்சளும் சேர்த்து மையாக அரைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துக் குளிப்பது வேர்க்குருவுக்கு இதமாக இருக்கும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசிப் பாருங்கள், சிவந்தால் விட்டுவிடுங்கள். புண்ணிலும் கசிகிற இடத்திலும் பூச வேண்டாம். வட்ட வட்டமாகப் பரவும் படர்தாமரைக்கு இது போதாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதைவிட மோசம், அடக்கிவைத்துப் பரப்பிவிடும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தைலத்துக்குப் பொறுமை வேண்டும். எங்கள் அத்தை ஒரு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு நாலு பங்கு சாறு ஊற்றி, அதிமதுரத்தை அரைத்துப் போட்டு, சின்னத் தீயில் காய்ச்சுவார். அரை லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு லிட்டர் கெட்டிச் சாறு வேண்டும். அதற்கு எவ்வளவு புல் பறிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், பாதி நாள் குனிந்தே இருக்க வேண்டும். சாறு சுண்டி, அடியில் தங்கும் கசடு முதலில் சேறுபோல இருக்கும், அப்புறம் உருட்டினால் மெழுகுபோல உருளும், அதற்கும் மேலே போனால் மணலாக உதிரும். மெழுகு பதத்திலேயே இறக்கிவிடுவார். திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, அந்த எண்ணெய் கெட்டுவிடும். பொடுகுக்கும் வறண்ட தோலுக்கும் வெளியே தேய்க்கத்தான் இது, குடிக்க அல்ல.

உடம்பு எடை குறையுமா?

காலையில் இனிப்புக் காபிக்குப் பதில் இதைக் குடித்தால் சர்க்கரையும் பாலும் குறையும், அந்த அளவுக்குக் குறையும்.

கர்ப்பமா இருக்கேன், குடிக்கலாமா? குழந்தைக்குக் குடுக்கலாமா?

கர்ப்பத்திலும், பாலூட்டும் காலத்திலும் வேண்டாம். தீங்கு என்று நிரூபித்திருப்பதால் அல்ல, பாதுகாப்பானது என்று காட்டும் ஆதாரம் இல்லாததால். கழுவாத புல்லால் வரும் தொற்றும் அந்த நேரத்தில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பாதிக்கும். கைக்குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், சிறுநீர் போக மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகள் மூவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மூலிகைதானே, பக்கவிளைவே இல்லைன்னு சொல்றாங்களே?

இதுவரை சொன்ன பதில்களைப் படித்தாலே விடை கிடைக்கும். உடம்பில் ஏதாவது செய்யும் ஒரு பொருள், வேண்டாததையும் செய்யலாம். இன்னொன்றும் இருக்கிறது. இதன் மகரந்தம் உலகம் முழுக்கத் தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டும் முக்கியமான மகரந்தங்களில் ஒன்று. ஒவ்வாமைப் பரிசோதனைப் பட்டியல்களில் பெர்முடா புல் என்று இருப்பது நம் அருகம்புல்தான். அந்தப் பெயர் வந்தாலும் அதன் பூர்வீகம் பெர்முடா தீவு இல்லை. புல்வெளிப் பக்கம் போனாலே கண் அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது என்றால் சாறு பிழிவதை வேறு யாரிடமாவது விடுங்கள், குடிப்பதையும் யோசியுங்கள்.

பிள்ளையார் கோயில் மாலையைப் பிரிச்சு ஜூஸ் போடலாமா? வீணாப் போகுதே.

மனசு புரிகிறது. ஆனால் அந்தப் புல் எங்கே பறித்தது என்று பூக்கட்டுகிறவருக்கே தெரியாது. கூடையிலும் தரையிலும் கிடந்து, விபூதியும் குங்குமமும் எண்ணெயும் பட்டு வருகிறது. குங்குமத்தில் சாயம் இருக்கும். பிரசாதமாகத் தலையில் வையுங்கள், காய்ந்ததும் உரக்குழியில் போடுங்கள். ஒரு கணு பச்சையாக இருந்தால் தொட்டியில் நடலாம். எங்கள் வீட்டுத் தொட்டி ஒன்று அப்படி வந்ததுதான்.

நாய் வயிறு சரியில்லைன்னா இதைத்தான் தேடித் திங்குது. அதுக்குத் தெரியுதே?

நாயும் பூனையும் புல் தின்பது உண்மை. சில நேரம் பிறகு வாந்தி எடுக்கும். ஆனால் உடம்பு நன்றாக இருக்கும் நாயும் தின்னும், அருகு இல்லாத இடத்தில் வேறு புல்லையும் தின்னும். ஆகவே நாயை வைத்தியராக வைத்துக்கொள்ள முடியாது.

மாடு காலங்காலமாத் தின்னுது, அதுக்கு ஒண்ணும் ஆகலையே. நமக்கு மட்டும் என்ன?

அருமையான தீவனம்தான், ஆடு, மாடு, குதிரை, முயல் எல்லாம் விரும்பும். ஆனால் மாட்டுக்கும் ஆகியிருக்கிறது. கதிரில் ஒருவகைப் பூசணம் பிடித்து, தேன் ஒழுகின மாதிரி பிசுபிசுத்துப் பிறகு கருக்கும். அதை மேய்ந்த மாடுகள் நடுங்கித் தள்ளாடும். நம் பக்கம் அதிகமாகப் பார்ப்பது கரிப்பூட்டை, கதிர் முழுக்கக் கரித்தூளாக இருக்கும். 2012இல் அமெரிக்காவின் டெக்சாஸில் டிஃப்டன் 85 என்ற கலப்பின அருகை மேய்ந்த மாடுகள் சயனைடு நஞ்சால் இறந்தன, கடும் வறட்சியை அடுத்து நடந்தது அது. நம் வரப்பு அருகும் அந்தக் கலப்பினமும் ஒன்றில்லை. ஆனாலும் கதிரைக் கிள்ளிவிடுங்கள், வாடி வதங்கிய புல்லைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்க வயல்ல இது பெரிய தலைவலி டீச்சர். மருந்துன்னு நீங்க கொண்டாடுறீங்க, நாங்க எப்படி ஒழிக்கிறது?

உங்கள் கோபம் நியாயம். வயலுக்குள் இது நெல்லின் சாப்பாட்டைத் தின்னும் களைதான். வெட்ட வெட்ட, மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து கிளம்பும். ரோட்டவேட்டர் விட்டால் கட்டை துண்டு துண்டாகி, துண்டுக்கொரு செடியாகும். கோடை உழவுதான் வழி. நல்ல வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது ஆழ உழுது, கட்டைகளை மேலே கொண்டுவந்து காயப்போடுங்கள். கையால் பொறுக்கி வெளியேற்றுங்கள். இரண்டு கோடை தொடர்ந்து செய்தால் நன்றாகக் கட்டுப்படும்.

வரப்பில் இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள். மழையில் வரப்பு கரையாமல் அந்த வேர்ப்பின்னல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, வயலுக்குள் வராமல் ஓரத்தை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிட்டால் போதும். வேறு வழியில்லாமல் களைக்கொல்லி அடித்தால் அந்தப் பருவம் முழுக்க அங்கே புல் அறுக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். வரப்பில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டி, அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு பிள்ளை பையோடு வந்து அங்கே உட்கார்ந்து பறித்துக்கொண்டிருக்கும்.